ஓடுகிற மெஷினைத் தொடாதே

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலை இன்றைக்கும் மூடாமல் ஓடுவதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். கொஞ்சம் அடக்கமாக எழுதுங்கள் என்று என் மகள் சொல்கிறாள். அடக்கத்தை வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறையின் கணக்குப்பிள்ளை. பேரிங், பெல்ட், சங்கிலி, போல்ட், எண்ணெய், கிரீஸ் என்று மெஷின்களுக்கு வேண்டிய எல்லாம் என் அறையில்தான் இருக்கும். யார் எதை எடுத்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

கொழுந்து நன்றாக வருகிற மழை மாதங்களில்தான் எங்களுக்குச் சோதனை. தோட்டத்திலிருந்து மதியம் வந்து இறங்கும் கொழுந்து இரவெல்லாம் வாடும். விடியற்காலையில் ரோலரில் அரைபட்டு, நிறம் மாறி, டிரையருக்குள் போகும். டிரையர் நின்றுபோனால் எல்லாம் போச்சு. அரைத்த இலை காத்திருக்காது, புளித்துவிடும். அந்த வாசனையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். போன மழையில் எங்கள் பெரிய டிரையர் நடு வேலையில் இரண்டு தடவை நின்றது. வாடிய இலையை அள்ளி லோரியில் போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்பினோம். போய்ச் சேர்வதற்குள் பாதி கெட்டுப்போனது.

அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த மழையிலும் டிரையர் நின்றால் இங்கே தேயிலை தயாரிப்பதே நிறுத்தப்படும். கொழுந்து முழுவதும் தினமும் லோரியில் அந்தப் பக்கம் போய்விடும். தொழிற்சாலை ஆட்கள் தோட்டத்துக்குப் போகலாம், அல்லது வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. இந்த வயதில் என்னை யார் தோட்டத்தில் இறக்குவார்கள், எந்தக் கடையில் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

உத்தரவோடு கூடவே ஒரு மென்பொருளையும் வாங்கி அனுப்பியிருந்தார்கள். எந்த மெஷினுக்கு எப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்று அதில் ஏற்றிவிட்டால், நாள் வந்ததும் அதுவே மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர்களின் கைப்பேசிக்கு ஜாப் அனுப்பும். செய்து முடித்தால் பச்சை. நாள் தப்பினால் சிவப்பு. அந்தப் பச்சையையும் சிவப்பையும் தலைமை அலுவலகம் அங்கிருந்தே பார்க்கும். எங்கள் மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். ஈப்போ பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர், ஆனால் வேலையைத் தலையில் கட்டுவதில் கெட்டிக்காரர். பாகங்களின் நம்பரெல்லாம் எனக்குத்தானே தெரியும் என்று சொல்லி, சிஸ்டத்தை என் தலையில் கட்டினார்.

கோலாலம்பூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் திரையில் வந்து சொல்லிக்கொடுத்தார். தொழிற்சாலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நம்புகிறவர். எல்லா மெஷினையும் மாதத்துக்கு ஒரு தடவை என்று போடச் சொன்னார். போட்டேன். மாதம் பிறந்த அன்று காலையில் எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் ஜாப் வந்து குவிந்தது. ராத்திரி பகலாக ஓடுகிற டிரையருக்கும் அதே ஜாப், மூலையில் சும்மா கிடக்கிற பழைய ரோலருக்கும் அதே ஜாப். செய்ய இருந்ததோ தலைமை பிட்டரும் அவருக்குக் கீழே ஒருவரும்.

தலைமை பிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கை சுத்தமான வேலைக்காரர். உடைந்துபோன எதையும் எழுப்பிவிடுவார். ஆனால் உடைய வேண்டும். உடையாத மெஷினின் பக்கத்தில்கூடப் போக மாட்டார். ஓடுகிற மெஷினைத் தொடாதே என்பது அவருடைய வேதம். எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அதுதான் வேதம்.

இருந்தாலும் அந்த முதல் வாரத்திலேயே சிஸ்டத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது. தலைமை அலுவலகம் பாராட்டி எழுதியது. துரை எனக்குக் கைகொடுத்தார். நானும் ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டு திரிந்தேன். மறுநாள் ஸ்டோரில் கிரீஸ் டிரம்மின் மூடியைப் பார்த்தேன். கடையிலிருந்து வந்தபோது இருந்த சீல் அப்படியே இருந்தது. எல்லா மெஷினுக்கும் கிரீஸ் போட்டாயிற்று என்று சிஸ்டம் சொல்கிறது. எந்தக் கிரீஸைப் போட்டார்கள்?

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. தொழிற்சாலைக்குள் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பிட்டர்கள் இரண்டு பேரும் பிரிஞ்சாங் டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு ஜாப்பாகத் தட்டிப் பச்சையாக்கியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையையே ரொட்டிக்குள் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் கத்தியது இலை வாடும் மாடி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் ஸ்டோர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, டிரையர் தானா நின்னுச்சுன்னா யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. பழைய மெஷின்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நானா நிறுத்தி, மறுபடி ஓடாமப் போச்சுன்னா, இலை புளிச்சதுக்கு யாரு பதில் சொல்றது? நான்தான் லா."

கோபத்தோடு வீட்டுக்குப் போனேன், கோபத்தோடு சமைத்தேன், சாம்பாரில் உப்பைக் கூடப் போட்டேன். சாப்பிடும்போதுதான் புரிந்தது, மனிதர் சொன்னது நியாயம். பொய்யாகப் பச்சை போட்டது தப்பு. ஆனால் ஒருவரிடம் மெஷினை நிறுத்து என்று சொல்லிவிட்டு, நிறுத்தினால் வருகிற பழியையும் அவர் தலையிலேயே வைத்தால் யார் நிறுத்துவார்கள்? நிறுத்துவதற்கான பொறுப்பை சிஸ்டம் ஏற்க வேண்டும். சிஸ்டம் என்றால் துரை, துரைக்கு மேலே கம்பெனி.

மறுநாள் பயிற்சியாளர் போட்டுத் தந்ததை எல்லாம் அழித்தேன். அவரிடம் கேட்கவில்லை. தேதிக்கணக்கை எடுத்துவிட்டு, மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை வைத்தேன். நிறைய ஓடினால் சர்வீஸ் சீக்கிரம் வரும், சும்மா கிடந்தால் வராது. கொழுந்து வருகிற நேரத்தையும் ரோலர் ஓடுகிற நேரத்தையும் பார்த்து, ஒவ்வொரு மெஷினுக்கும் இடைவெளி எப்போது கிடைக்கும் என்று கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் ஜாப்பை வைத்தேன். டிரையருக்கு ஒரு ஈடு இலை வெளியே வந்து அடுத்த ஈடு தயாராவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நிறுத்தலாம் என்று துரை கையாலேயே சிஸ்டத்தில் ஒப்புதல் போட வைத்தேன். இனி நிறுத்தினால் அது துரையின் உத்தரவு.

பிறகு ரொட்டி சானாய்க்கு ஒரு முடிவு கட்டினேன். ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த மெஷின் முன்னால் நின்று கைப்பேசியில் அதைப் படமெடுத்தால்தான் ஜாப் முடிந்ததாக சிஸ்டம் ஒத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டால் கைப்பேசி அதை வைத்திருந்து பிறகு அனுப்பும். வேறு எந்த வழியிலும், என் கணினியிலிருந்துகூட, பச்சை போட முடியாதபடி பூட்டினேன். அண்ணன் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டு, பிரிஞ்சாங் கடைக்காரருக்கு நான் துரோகம் செய்துவிட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சின்ன வேலைகள் நடக்கத் தொடங்கின. கிரீஸ் டிரம்மின் சீல் உடைந்தது. அதை உடைத்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பெரிய வேலை பாக்கி இருந்தது. டிரையரை முழுவதுமாகத் திறந்து சங்கிலி, தட்டுகள், உள்ளே காற்றைத் தள்ளும் பேனின் பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதாது, ஒரு முழு நாள் வேண்டும். பல வருஷமாக யாரும் அதைத் திறந்ததில்லை. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. துரையிடம் கேட்டால், ஒரு நாள் இலையை விட முடியாது என்றார். தலைமை அலுவலகத்தை அவர் கேட்கவே பயந்தார்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் தீபாவளிக்குக்கூட இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, பூத்தோட்டங்கள் இருக்கிற கம்போங் ராஜாவிலிருந்து பூ வரவழைத்து மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கும்பிடுவோம். ஆனால் எல்லாம் வெளிப்பக்கம்தான். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டி, உள்ளே குளிக்காமல் விடுவது மாதிரி. உள்ளே பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எல்லாம் பூஜையில் வைத்துவிடுவார்கள். வைத்தால் மறுநாள் காலை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

ஆகவே பூஜைக்கு முந்தின நாள் எனக்கு வேண்டும் என்று துரையின் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். தொழிற்சாலையைச் சாமிக்காக நிறுத்த ஒரு நாள் யாரையும் கேட்காமல் கொடுக்கிறீர்கள், அந்த மெஷின் உயிரோடு இருப்பதற்கு ஒரு நாள் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்றும் கேட்டேன். மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சில்லைதான். அவர் தோட்டத்துக் கங்காணியை அழைத்து, கொழுந்து பறிப்பதை ஒரு நாள் முன்னதாகவே நிறுத்தச் சொன்னார்.

டிரையரைத் திறந்தபோது நானும் அங்கே நின்றேன். அண்ணன் உள்ளே தலையை விட்டு, வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. வெளியே வந்ததும் என்னையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். பேனின் பேரிங் நிறம் மாறிக் கருத்துப்போயிருந்தது. கையால் ஆட்டினால் ஆடியது. சங்கிலியில் பல ஊசிகள் தேய்ந்து பாதியாகியிருந்தன. மழை தொடங்கிய முதல் வாரத்தைக்கூட அது தாங்கியிருக்காது என்றார் அண்ணன். அப்படிச் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. இதுவரை அந்த டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

புதுப் பேரிங்கும் சங்கிலி ஊசியும் என் ஸ்டோரில் தயாராக இருந்தன. எந்த வேலைக்கு எந்தப் பாகம் வேண்டும் என்று சிஸ்டத்தில் முன்பே போட்டு, முன்பே வரவழைத்திருந்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போலக் கழற்றிப் போட்டுவிட்டு ஈப்போவுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் பூஜை மேடை கட்டத் தொடங்கியபோது அவர்கள் கடைசித் தட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழுவ வந்த பெண்கள் வாளியோடு காத்து நின்றார்கள். டிரையர் மூடப்பட்டது, ஓட்டிப் பார்த்தோம், சத்தமே வேறாக இருந்தது. அண்ணன் ஸ்பேனர்களைத் துடைத்து மேடையில் அடுக்கினார். எனக்கு அழுகை வந்தது. பரவாயில்லை, அழுதேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். பூஜை அன்று நாங்கள் கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தபோது துரை வேகமாக வந்தார். தலைமை அலுவலகத்துக்கு ஆயுத பூஜை விடுமுறை இல்லையே. அவர்கள் திரையில் டிரையரின் பெரிய சர்வீஸ் சிவப்பாக இருக்கிறது, அதே நாளில் செய்யச் சொல்லியிருந்த மற்ற மெஷின்களும் சிவப்பு. வேலையே நடக்கவில்லை, ஒரு நாள் இலையை வீணாக விட்டிருக்கிறோம் என்று முடிவுகட்டி, நாளைக்கே கொழுந்தை ஏற்ற லோரி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் அண்ணனைப் பார்த்தேன், வேலை முடிந்ததும் ஸ்டிக்கரைப் படமெடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் பூஜை மேடையைக் காட்டினார். ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவே அவருடைய கைப்பேசியும் அவருக்குக் கீழே இருப்பவருடையதும், நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், பக்கத்தில் ஒரு செவ்வந்தி.

"அதுவும் இப்ப நம்ம ஆயுதம்தானே தங்கச்சி," என்றார். "மேடையில வைக்க நேரமாயிடுச்சு. நாளைக்குப் படம் எடுத்துக்கலாம்னு வச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடுகிற மெஷினைத் தொடாத மனிதர் அந்தக் கைப்பேசியை ஸ்பேனரோடு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். இதைவிடப் பெரிய சான்றிதழை எந்தப் பயிற்சியாளரும் எனக்குத் தர முடியாது. துரை கைப்பேசியை எடுக்கச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். என் கணினியிலிருந்து பூட்டைத் திறந்து பச்சை போடச் சொன்னார் துரை. நானும் மறுத்தேன். ஒரு தடவை நானே உள்ளே இருந்து பச்சை போட்டால், பிறகு எந்தப் பச்சையையும் யார் நம்புவார்கள்? நாளை மதியம் கொழுந்து எடைபோடுவதற்குள் எல்லாம் பச்சையாக இருக்கும், அதுவரை லோரியைப் பிடித்து வையுங்கள் என்றேன். அவர் தலைமை அலுவலகத்திடம் என்ன சொன்னாரோ தெரியாது. முகம் கறுத்துத்தான் திரும்பி வந்தார். ஆனால் பிடித்து வைத்தார்.

மறுநாள் கற்பூரம் காட்டி ஆயுதங்களை எடுத்தோம். அண்ணன் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டு டிரையர் முன்னால் போய் நின்றார். அடுத்த சங்கடம் அங்கே காத்திருந்தது. கழுவ வந்த பெண்கள் மெஷினின் நெற்றி எது என்று தேடவேயில்லை. நான்தான் வெள்ளையாக ஒட்டி அடையாளம் காட்டியிருந்தேனே. ஒவ்வொரு ஸ்டிக்கரின் நட்டநடுவிலும் அழகாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். கைப்பேசிக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஈரத்துணியோடு நானும் அந்தப் பெண்களும் தொழிற்சாலை முழுக்க ஓடினோம். சந்தனம் வந்தது, குங்குமம் லேசில் வரவில்லை. அழுத்தித் தேய்த்தால் ஸ்டிக்கர் கிழியும், மெதுவாகத் தேய்த்தால் சிவப்பு பரவும். சாமி பொட்டை அழிக்கிறோமே என்று ஒருத்தி முணுமுணுத்தாள், கொஞ்சம் தள்ளி ஸ்டிக்கருக்கு மேலே வேறொன்று வைத்துவிடு என்றேன். டிரையரின் ஸ்டிக்கரைக் கடைசியாகத் துடைத்தோம். வாசலில் தோட்டத்துக் கொழுந்து வந்து இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பேசியை நீட்டினார். முதல் தடவை படிக்கவில்லை. நான் மறுபடி துடைத்தேன். பச்சை வந்தது.

அந்தச் செய்தியைத் துரை மேலே சொன்னார். லோரி வரவில்லை. கொழுந்து எங்கள் தராசிலேயே ஏறி, எங்கள் மாடியிலேயே வாடியது. பிறகு மழை வந்தது. வருஷத்திலேயே பெரிய மழை. கீழே லெம்பா பெர்த்தாம் பக்கம் எல்லோரும் வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் டிரையரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிற்கவில்லை, நாங்கள் நிறுத்தியபோது தவிர.

மழையின் உச்சத்தில் ஒரு நாள் துரை என்னைக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு செய்தி சொன்னார். மலைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் டிரையர் நின்றுபோனது. அவர்களுடைய இலை எங்களிடம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் லோரிகள் வாசலில் வரிசையாக வந்து நின்றன. அடுத்தவர் கஷ்டத்தில் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். சந்தோஷப்பட்டேன்.

துரை பரபரப்பாக உள்ளே வந்து, உடனே அவர்கள் இலையை ஏற்றச் சொன்னார். எங்கள் ஈடு அப்போதுதான் முடிந்து வெளியே வந்திருந்தது. அண்ணன் கைப்பேசியைப் பார்த்தார். டிரையரின் மணிக்கணக்கு நிறைந்து சர்வீஸ் ஜாப் வந்திருந்தது.

"முதல்ல இந்த இலைய முடிச்சிருவோம் அண்ணே," என்றார் துரை. "லோரி காத்திருக்கு."

"காத்திருக்கட்டும் சார்," என்றார் அண்ணன். "நேரம் வந்திருச்சு. நிறுத்தணும்."

துரை என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். அண்ணன் யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் போய் ஸ்விட்சை இறக்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரையர், கம்பெனியின் பாதி இலை வாசலில் நிற்கும்போது, அவர் கையால் நின்றது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. ஒரு மணி நேரம் ஆகும், உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கள் என்று லோரிக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன்.